எல் நினோவும் மார்ச் மாத போன் அழைப்புகளும்

மார்ச் பிறந்தால் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். பூ எடுக்க ஒரு நல்ல கோடை மழை வேண்டுமே என்ற கவலை பாதி. மீதி, "எல் நினோ வருதுன்னு டிவியில சொல்றாங்களே சார், இந்த வருஷம் நிழல் கழிக்கலாமுங்களா?" என்ற கேள்வி. எல் நினோ என்றால் பசிபிக் பெருங்கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாவது. அது வந்தால் நம் தென்மேற்குப் பருவமழை தளரக்கூடும். பருவமழைக்கு முன்னால், காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரக் கிளைகளை அதிகமாகக் கழித்துவிட்டு மழை பொய்த்தால் செடி வெயிலில் வாடும். கழிக்காமல் விட்டு மழை விடாமல் பெய்தால் இருட்டும் ஈரமும் சேர்ந்து இலையும் காயும் அழுகும். பசிபிக் பெருங்கடல் ஒரு முடிவுக்கு வரும்வரை இதையெல்லாம் தள்ளிப்போட முடியாது.

சேலத்தில் உட்கார்ந்து விவசாயிகளுக்கு வானிலை ஆலோசனை எழுதுவது என் வேலை. கணினி மாதிரிகளை ஓட்டுவது எங்கெங்கோ இருக்கும் பெரிய மையங்கள். அவர்கள் தருவதைப் படித்து, இந்த மலைக்கும் கீழே இருக்கிற சமவெளிக்கும் அதில் என்ன சேதி என்று சொல்வது எங்கள் பங்கு. எல் நினோ என்றதும் கடல் எத்தனை டிகிரி சூடு என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் மார்ச், ஏப்ரலில் விடை காற்றிடம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பசிபிக்கில் பூமியின் நடுக்கோட்டை (பூமத்திய ரேகையை) ஒட்டி எப்போதும் கிழக்கிலிருந்து மேற்காக வீசுவது வியாபாரக் காற்று. அது வெப்பமான மேல்நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளி வைத்திருக்கிறது. அதனால் தென் அமெரிக்கக் கரையைவிட அங்கே கடல்மட்டமே சுமார் அரை மீட்டர் உயர்ந்து நிற்கும். சில சமயம் மேற்குப் பசிபிக்கில் இந்தக் காற்று திடீரென்று திரும்பி, ஒரு வாரம், இரண்டு வாரம் மேல்காற்றாக, அதாவது மேற்கிலிருந்து கிழக்காக, வீசும். அந்தத் தள்ளலில் கடலுக்கடியில் ஓர் அலை கிளம்பி, இரண்டு மூன்று மாதத்தில் பெரு நாட்டுக் கரைப்பக்கம் போய்ச் சேரும். போகிற வழியெல்லாம் ஆழத்துக் குளிர்நீர் மேலே வராமல் அமுக்கிவிடும். கிழக்கே கடல் சூடாகும், வியாபாரக் காற்று மேலும் தளரும், சூடு இன்னும் ஏறும். ஆனால் ஊஞ்சலை ஒரு தடவை தள்ளிவிட்டு நிறுத்திக்கொண்டால் அது எவ்வளவு நேரம் ஆடும்? அடுத்தடுத்து தள்ளல் வேண்டும்.

2014 அதற்குச் சரியான பாடம். அந்த வருடத் தொடக்கத்தில் பலமான மேல்காற்று வீசியது. மார்ச், ஏப்ரலில் கடலுக்கடியில் வெப்பம் சில இடங்களில் இயல்பைவிட 6 டிகிரி வரை கூடியிருந்தது. 1997-98இல் உலகத்தையே ஆட்டிய எல் நினோவும் இப்படித்தான் தொடங்கியது, ஆகவே இன்னொரு 1997 என்று பேச்சு கிளம்பியது. ஜூனில் அமெரிக்க வானிலை மையம், வரும் குளிர்காலத்துக்குள் 80 சதவீத வாய்ப்பு என்றது. ஆனால் 1997இல் தொடர்ந்து வந்த மேல்காற்று 2014இல் தொடரவில்லை. ஜூனில் நேர் எதிராகக் கிழக்குக் காற்று பலமாக வீசி, இருந்த சூட்டையும் கலைத்தது. போதாக்குறைக்கு, பசிபிக்கில் காற்றையும் கடலையும் அளக்க நிறுத்தியிருக்கும் சுமார் 70 மிதவைகளில் பாதிக்கு மேல் பராமரிப்பு இல்லாமல் தரவு தராமல் கிடந்தன. எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்க்கும் கண்ணே மங்கியிருந்த நேரம். எல் நினோ வந்துவிட்டது என்று அமெரிக்க மையம் முறையாக அறிவித்தது 2015 மார்ச்சில்தான், அதுவும் பலவீனமானது என்று. அதே மாதம் மேற்குப் பசிபிக்கில் பாம், பாவி என்று நடுக்கோட்டுக்கு இருபுறமும் இரண்டு புயல்கள். இடையே பலத்த மேல்காற்று. இந்த முறை தள்ளல் நிற்கவில்லை. மீதிக் கதையை டிசம்பரில் சென்னை பெருவெள்ளமாகப் பார்த்தது.

ஏன் மார்ச் முதல் மே வரை இவ்வளவு குழப்பம் என்றால், அந்த மாதங்களில் பசிபிக்கின் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே வெப்ப வித்தியாசம் குறைந்து, வியாபாரக் காற்றும் தளர்ந்து இருக்கும். ஒரு சின்ன உதறல்கூட கடலை எந்தப் பக்கமும் சாய்த்துவிடும். அந்த மேல்காற்றை ஒரு மாதம் முன்கூட்டிச் சொல்வதே கடினம். முழுக்கக் குருட்டுச் சம்பவமும் இல்லை. வெப்பநீர் கிழக்கே நகர நகர அது வீசும் வாய்ப்பு கூடும் என்று தெரியும். இருந்தாலும் எந்த வாரம், எத்தனை நாள் என்பது கணக்குக்கு அடங்குவதில்லை.

இதெல்லாம் நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. சேலம் ஜில்லாவைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877இல், பசிபிக்கில் மிக வலுவான எல் நினோ இருந்தது. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. 1904இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர், பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடப்போய், பசிபிக்கில் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினால் மறுபக்கம் இறங்குவதைக் கண்டுபிடித்தார். அதைக் கடல் சூட்டோடு சேர்த்து 1969இல் விளக்கியவர் யாக்கோப் பியர்க்னஸ்.

சரி, போனில் கேட்பவருக்கு என்ன சொல்வது? நிழலில் பாதியை இப்போது கழியுங்கள், மீதியை ஜூன் முதல் வாரம் பார்க்கலாம் என்பேன். ஆலோசனையிலும் சதவீதத்தோடு எழுதுவேன். மேலிடத்தில் அது பிடிக்காது. "மழை குறையும்னு ஒரே வரியா போடுங்களேன்" என்று ஒரு வருடம் சொன்னார்கள். 60 சதவீதம் என்றால் மீதி 40 எங்கே போகும்? அதை மறைத்து எழுதுவது பொய்க்குச் சமம்.

தவிர, 'எல் நினோ என்றால் மழை இல்லை' என்பதே சேலத்துக்குப் பாதி உண்மை. தென்மேற்குப் பருவமழை தளர்ந்தால் குடகில் மழை குறைந்து மேட்டூருக்குத் தண்ணீர் வராது. ஆனால் அதே எல் நினோ வடகிழக்குப் பருவமழையைப் பெரும்பாலும் கூட்டிவிடும். ஆத்தூர் பக்கம் மானாவாரியில் மரவள்ளி வைத்தவருக்கு இரண்டாவது சேதிதான் முக்கியம். இந்தியப் பெருங்கடலும் சும்மா இருப்பதில்லை. 1997இல் அத்தனை பெரிய எல் நினோ இருந்தும் நாட்டின் பருவமழை இயல்பாகவே இருந்தது. சுமத்ராவை ஒட்டி வீசிய கிழக்குக் காற்று அங்கே கடலைக் குளிர்வித்து, ஆப்பிரிக்கா பக்கம் சூடேற்றியதும் ஒரு காரணம். 2014இலோ, பெரிய எல் நினோ வராமலே மழை 12 சதவீதம் குறைந்தது.

அதனால் இப்போது ஜூனுக்கு மேல் சுமத்ரா கரைக் காற்றையும் கவனித்து வருகிறேன். ஆலோசனையில் அதற்கென்று ஒரு பத்தி சேர்க்கக் கேட்டிருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாதாம். உரவிலைப் பட்டியலை வேண்டுமானால் சுருக்கிக்கொள்ளுங்கள் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.