கறுப்புக் கார் வாங்கியவனின் பாலிஷ் கணக்கு

இந்த நாட்டுக்கு வந்த முதல் வருஷம் பஸ்ஸிலும் ரயிலிலும் ஓடிவிட்டது. இரண்டாவது வருஷம், பனி கொட்டிய ஒரு காலையில் நாற்பது நிமிஷம் பஸ்ஸுக்காக நின்று கால்விரல்கள் மரத்துப்போன அன்றைக்குத்தான் இனி கார் இல்லாமல் முடியாது என்று தோன்றியது. கையில் இருந்த காசுக்கு ஏழு வயசான ஒரு கறுப்புக் கார் கிடைத்தது. மேகமூட்டமான ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி இருந்தது, வாங்கிவிட்டேன். பழைய கார் பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், உச்சி வெயிலில் போய்ப் பாருங்கள். மேகம் எல்லா ஓட்டைகளையும் மூடிவிடும்.

ஒரு வாரம் கழித்து ராத்திரி பெட்ரோல் போட நிறுத்தியபோது, தலைக்கு மேலே வரிசையாக எரிந்த வெள்ளை விளக்குகளில் பானெட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு விளக்கின் பிம்பத்தையும் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள். பழைய ஓனர் செய்த வேலை என்று நினைத்துத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க நானும் அதையேதான் செய்தேன். சாலையில் தூவுகிற உப்பு அடித்தகட்டை அரித்துவிடும் என்று ஆபீஸில் ஆளாளுக்குப் பயமுறுத்தியதால், வாராவாரம் காரைக் கொண்டுபோய், சுழலும் பிரஷ் வைத்துத் தானாகக் கழுவும் மெஷினுக்குள் விட்டுவிடுவேன். எங்கள் மாடியிலேயே குடியிருக்கும் அண்ணன் ஒருவர், இங்கே வந்து பதினைந்து வருஷம் ஆனவர், அதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “தம்பி, முன்னாடி போன காரோட மண்ணு பூரா அந்தப் பிரஷ்லதான் இருக்கும். துடைப்பத்தால மூஞ்சி கழுவுற மாதிரி அது.”

பாலிஷ் போட்டுத் தருபவரிடம் விசாரித்தேன். அவர் சொன்ன தொகை காரை வாங்கிய விலையில் ஏறக்குறைய கால்பங்கு. நியாயமான கூலிதான், இரண்டு நாள் வேலை அது. ஆனால் வாடகைக்கும் ஊருக்கு அனுப்புவதற்கும் போக மிஞ்சுவதில் அது நடக்காது. சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன். காசு மிச்சம் பிடிக்கப் போய் முதல் இரண்டு மாதத்தில் நான் வீணாக்கியதைக் கூட்டினால் நல்ல மெஷினே ஒன்று வாங்கியிருக்கலாம்.

முதலில் வாங்கியது, டிரில்லில் மாட்டும் வட்டத் தட்டும் ஒரு ஸ்பான்ஜும். வீட்டில் டிரில் இருக்கிறதே என்ற கணக்கு. டிரில் ஒரே அச்சில் சுழலும், கையும் நேராக நிற்காது, தட்டின் ஓரம் பெயின்ட்டில் பட்டுக்கொண்டே இருக்கும். பத்து நிமிஷத்தில் தூக்கி வைத்துவிட்டேன். அடுத்து, தள்ளுபடியில் வந்த பெரிய பத்து அங்குல மெஷின், தொப்பி மாதிரி துணி மாட்டுகிற ரகம். அது மெழுகு தடவ மட்டும்தான் உதவும். கையால் லேசாக அழுத்தினாலே நின்றுவிடும், கீறலை எடுக்கும் சக்தி அதற்குக் கிடையாது. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ‘பாலிஷர்’ என்றுதான் போட்டிருந்தது.

மூன்றாவது தப்பு காசில்லாமல் வந்தது. நண்பன் ஒருவன் ஊரிலிருந்து தன் ரோட்டரி பாலிஷ் மெஷினைச் சுமந்து வந்திருந்தான். அது 230 வோல்ட்டுக்குச் செய்தது, இங்கே பிளக்கில் வருவது அதில் ஏறக்குறைய பாதி, அதனால் நோயாளி மாதிரி முனகிக்கொண்டு சுற்றியது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டினோம். அப்புறம் அதற்கு உயிர் வந்தது, என் பம்பர் ஓரத்துக்குப் போனது. ரோட்டரியில் பேட், அதாவது பெயின்ட்டைத் தேய்க்கும் மெத்தை வட்டம், ஒரே வட்டத்தில் சுற்றுவதால் சூடு ஒரே இடத்தில் சேரும். பிளாஸ்டிக் பம்பர் அந்தச் சூட்டை இரும்பு போலக் கடத்திப் பரப்பாது. ஓரங்களில் பெயின்ட் வேறு மெலிசாக இருக்கும். மூன்று வினாடிதான், கறுப்புக்குள்ளிருந்து வேறொரு நிறம் எட்டிப் பார்த்தது. கைதேர்ந்தவர்கள் ரோட்டரியில் அற்புதம் செய்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. கற்றுக்கொள்கிறவன் கையில் அது வேண்டாம்.

பெயின்ட் எவ்வளவு மெல்லியது என்று அதற்குப் பிறகுதான் படித்தேன். பொதுவாக ஒரு காரின் மேல் இருக்கும் மொத்த பெயின்ட் 100 முதல் 150 மைக்ரான், அதாவது ஜெராக்ஸ் தாள் ஒன்று, அதிகம் போனால் ஒன்றரை. அதில் மேலே நிறமில்லாமல் பளபளப்புக்காக இருக்கும் கிளியர்கோட் அரைத் தாள்கூட வராது. பாலிஷ் போடுவது என்றால் அந்த அரைத் தாளிலிருந்து துளி துளியாகச் சீவி, கீறலின் அடிமட்டத்துக்கு மேற்பரப்பைக் கொண்டுவருவது. கீறலை நிரப்பும் வேலை இல்லை இது. அதனால்தான் நகத்தால் வருடும்போது நகம் மாட்டுகிற ஆழமான கீறலை விட்டுவிட வேண்டும். அதைத் துரத்திப் போனால் கிளியர்கோட்டே தீர்ந்துவிடும்.

கடைசியில் வாங்கியது டிஏ என்கிற டூயல் ஆக்‌ஷன் மெஷின். பேட் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே, மையம் விலகி ஆடிக்கொண்டும் இருக்கும். அழுத்தம் கூடினால் சுழற்சி நின்று வெறும் ஆட்டம் மட்டும் மிஞ்சும். தொடக்கக்காரனைக் காப்பாற்றுவது இந்தக் குணம்தான், மெஷின் தானாகத் தோற்றுவிடுகிறது, பெயின்ட் பிழைக்கிறது. எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதை ‘த்ரோ’ என்கிறார்கள். 8 மில்லிமீட்டர் சின்னது, 15, 21 பெரியது. ரூபெஸ் போன்ற கம்பெனிகளின் பெரிய த்ரோ மெஷின்கள் சமமான பரப்பில் வேகமாக வேலை முடிக்கும், விலையும் அதற்கேற்ப. இந்தக் காலத்துக் கார்களில் சமமான இடம் எங்கே இருக்கிறது? எல்லாம் வளைவும் மடிப்பும்தான். அங்கே பெரிய த்ரோ சட்டென்று சுற்றாமல் நின்றுவிடும். நான் எடுத்தது யாரோ இரண்டு தடவை பயன்படுத்திவிட்டு விற்ற போர்ட்டர் கேபிள் 7424எக்ஸ்பி, 8 மில்லிமீட்டர் ரகம். அதிர்வில் கை மரத்துப்போகும், அரை மணிக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். ஆனால் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஒரே காரைத் தேய்ப்பவனுக்கு அது போதும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் கவனிக்க வேண்டியது கீழ்த்தட்டு. பேட் ஒட்டும் வெல்க்ரோ தேய்ந்திருந்தால் பாதி வேலையில் பேட் பறக்கும். தட்டை மாற்றுவது சின்னச் செலவுதான், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். பெரும்பாலும் 5 அங்குலத் தட்டில் 5.5 அங்குல பேட் போடுவார்கள். தட்டை விட பேட் கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் ஓரம் பெயின்ட்டில் இடிக்காது.

இங்கேதான் என் பட்ஜெட் தலைகீழானது. மெஷின்தான் பெரிய செலவு என்று நினைத்திருந்தேன், ஆனால் கஞ்சத்தனம் கூடாத இடம் பேட்டும் துணியும். காருக்கு ஒரே ஒரு பேட் என்பது நடக்காத காரியம். சீவிய பெயின்ட்டும் காம்பவுண்ட் என்கிற தேய்ப்புத் திரவமும் சேர்ந்து பேட் அடைத்துப்போகும், சூடேறி மெத்தென்று ஆகிவிடும், அதற்கப்புறம் வெட்டாது. குறைந்தது நான்கு வேண்டும், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நைலான் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். பேட்டின் நிறத்தை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் ஆரஞ்சு நடுத்தரம், இன்னொன்றின் ஆரஞ்சு முரடு. என்ன வேலைக்கு என்று பின்னால் எழுதியிருப்பதைப் படித்து வாங்க வேண்டும். திரவத்தில் இரண்டு போதும், முரடாக ஒரு காம்பவுண்ட், முடிப்பதற்கு மென்மையாக ஒரு பாலிஷ். நான்கைந்து பாட்டில் கொண்ட செட்டில் பாதிக்கு மேல் மூடியே திறக்காமல் காலாவதியாகும்.

மைக்ரோஃபைபர் துணி பத்துப் பன்னிரண்டு வாங்கினேன். புதுத்துணியை முதலில் தனியாகத் துவைத்துவிடுங்கள், துணியை மென்மையாக்கும் திரவம் மட்டும் சேர்க்க வேண்டாம், இழைகளில் படிந்து துடைக்கும் குணமே போய்விடும். கீழே விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி எடுத்தேன் ஒருமுறை. ஒரு மணல் பருக்கைதான், இப்போதுதான் பாலிஷ் போட்டு முடித்த கதவில் வில் மாதிரி ஒரு கோடு. உட்கார்ந்து அழலாம் போல இருந்தது.

அபார்ட்மெண்ட்காரர்களுக்கு இன்னொரு தலைவலி, கழுவ இடமில்லை. எங்கள் பார்க்கிங்கில் தண்ணீர் விட்டால் நோட்டீஸ் வரும், பிளக் பாயிண்டும் கிடையாது. ஒரு சனி ஞாயிறுக்கு அண்ணன் தன் மைத்துனரின் கராஜைக் கேட்டு வாங்கித் தந்தார். மற்ற நாட்களுக்கு, அலசத் தேவையில்லாத ரகமான கழுவும் திரவம் இருக்கிறது, ஒரு வாளி, ஏழெட்டுத் துணி, தரையில் ஓடும் தண்ணீர் இல்லை. சேறு அப்பிக் கிடந்தால் மட்டும் முதலில் பிரஷ் படாத அழுத்தத் தண்ணீரில் அடித்துவிட்டு வர வேண்டும்.

கராஜில் முதல் நாள் மெஷினைத் தொடவே இல்லை. கழுவினோம், இரும்புத் துகளைக் கரைக்கும் திரவத்தை அடித்தோம். பிரேக்கிலிருந்து பறந்து பெயின்ட்டில் குத்தி நிற்கும் துகள்கள் ஊதா நிறமாக வழிந்தன, அழுகிய முட்டை நாற்றம் வேறு. மைத்துனரின் மனைவி கதவைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடிக்கொண்டார். அப்புறம், பெயின்ட்டில் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண்கட்டியை வழுக்கும் திரவத்தோடு தேய்த்தோம். உள்ளங்கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், முன்னே உப்புத்தாள், பின்னே வழவழப்பு. கடைசியாக ரப்பர் ஓரங்களிலும் பானெட் மடிப்புகளிலும் டேப் ஒட்டினோம்.

மறுநாள் பானெட்டில் இரண்டு பக்கமும் ஒன்றரையடி அளவில் ஒரு சதுரத்தை டேப்பால் பிரித்தேன். கீழ்த்தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருந்தேன், மெஷின் ஓடும்போது அது சுற்றுகிறதா இல்லையா என்று அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். முதலில் மென்மையான பேட், மென்மையான பாலிஷ். பேட்டில் பட்டாணி அளவு நான்கு சொட்டு, குறைந்த வேகத்தில் தடவிப் பரப்பி, அப்புறம் வேகத்தை ஐந்தில் வைத்து, வினாடிக்கு ஓர் அங்குலம் என்று நகர்த்தினேன். குறுக்காக ஒருமுறை, நெடுக்காக ஒருமுறை, ஒவ்வொரு வரிசையும் முந்தையதில் பாதியை மூடும்படி, மூன்று சுற்று. துடைத்துவிட்டு, தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் இன்னொரு தடவை துடைத்தேன். இதை விட்டுவிட்டால் பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறல்களில் தங்கி, போய்விட்டது போல ஏமாற்றும். போன் டார்ச்சை அடித்தேன். பாதி வலை அப்படியே இருந்தது. காம்பவுண்ட்டுக்கும் முரட்டு பேடுக்கும் மாறி அதே சதுரத்தில் மறுபடி போனேன், அதன் மேல் மென்மையான பாலிஷ் ஒருமுறை. இப்போது டேப்பை உரித்தபோது கோட்டுக்கு இந்தப் பக்கம் டார்ச் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி, அந்தப் பக்கம் சாம்பல் படிந்த சிலந்தி வலை. அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, “அடேங்கப்பா, ரெண்டு வேற காரு மாதிரி இருக்கே தம்பி” என்றார். மீதிக் காருக்கு அந்த ஒரே சூத்திரம், பதினோரு மணி நேரம். முடிவில் பெயின்ட்டைக் காக்கும் பூச்சான சீலன்ட் ஒன்றைத் தடவி விட்டோம்.

எல்லாக் கீறலும் போகவில்லை. டிரைவர் கதவுக் கைப்பிடிக்குக் கீழே மோதிரமோ சாவியோ இழுத்த கோடு இருக்கிறது, டிக்கி மேல் இரண்டு இருக்கிறது. இப்போது மெஷின் அண்ணன் வீட்டில். அவருடைய வெள்ளைக் காரில் எதுவும் தெரியாது, ஆனாலும் போட்டே தீருவேன் என்கிறார். அந்த பம்பர் மூலையில் சின்ன பிரஷ்ஷால் டச்-அப் பெயின்ட் வைத்திருக்கிறேன். நின்று பார்த்தால் தெரியாது, உட்கார்ந்து பார்த்தால் தெரியும். என் மனைவி எப்போதும் உட்கார்ந்துதான் காட்டுகிறாள்.