மீசையும் ஒரு வேஷம்தான்

தற்பாலீர்ப்புள்ள ஆண்கள் கூடும் கே பாரில் வேஷம் கட்டுபவர்கள், பெண் வேடத்தில் மேடையேறும் டிராக் கலைஞர்கள் மட்டும்தான், மற்றவர்கள் எல்லாம் இருப்பது மாதிரியே வருபவர்கள் என்று ஓர் எண்ணம் உண்டு. அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. 1970களில் சான் பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ தெருவிலும் நியூயார்க்கின் கிறிஸ்டோபர் தெருவிலும் கே ஆண்களிடையே பரவிய, எல்லோரும் ஒரே அச்சு என்பதால் ‘குளோன்’ எனப்பட்ட தோற்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டம் போட்ட ஃபிளானல் சட்டை, உள்ளே வெள்ளை டி-ஷர்ட், லீவைஸ் 501 ஜீன்ஸ், தொழிலாளிகளின் கனத்த பூட்ஸ், ஒட்ட வெட்டிய முடி, அடர்ந்த மீசை. மரம் வெட்டப் போகிறவரின் உடுப்பு. அதைப் போட்டவர்களில் பலருக்குப் பகலில் ஆபீஸ் வேலை.

அந்த ஜீன்ஸைத் தயார்செய்வதே ஒரு வேலை. நனைத்தால் சுருங்கும் முரட்டு டெனிம் அது. சரியான அளவில் வாங்கினால் முதல் சலவையிலேயே கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். அதனால் நீளத்தைக் கூட்டி வாங்க வேண்டும். பிறகு வெந்நீரில் ஊறவைத்து, ஈரத்தோடு மாட்டிக்கொண்டு, உடம்பிலேயே காயவிட வேண்டும். அப்போதுதான் தொடையைப் பிடித்து நிற்கும். முன்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து வெளுக்க வைத்தவர்களும் உண்டு. வருஷக்கணக்கில் உழைத்துத் தேய்ந்த துணி போலத் தெரிய அவ்வளவு பாடு.

பின்பாக்கெட்டில் கைக்குட்டை. இடப்பக்கம் தொங்கினால் உடலுறவில் செய்பவர், வலப்பக்கம் என்றால் பெறுபவர்; எதை விரும்புகிறார் என்பதை நிறம் சொல்லும். சாம்பல் நிறம் கட்டிப்போடும் விளையாட்டு, கறுப்பு வலி சார்ந்தது. சிக்கல் வெளிச்சத்தில்தான். பாரின் மங்கலான சிவப்பு விளக்கில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும். அழகுக்காகச் செருகி வந்தவர்களும் இருந்தார்கள். கடைசியில் வாய்விட்டுக் கேட்பதுதான் ஒரே வழி.

இதெல்லாம் ஏன் வந்தது என்பதை மறந்துவிட்டு இவர்களைக் குறை சொல்லக்கூடாது. தற்பாலீர்ப்புள்ள ஆண் என்றால் நளினமானவன், கோழை என்று பல காலமாக ஏசிவந்த சமூகத்துக்கு அவர்கள் தந்த பதில் அது. 1954லேயே லாஸ் ஏஞ்சலஸில் கே ஆண்களின் சேட்டர்ஸ் மோட்டார் சைக்கிள் கிளப் தொடங்கிவிட்டது. 1964இல் லைஃப் பத்திரிகை சான் பிரான்சிஸ்கோவின் டூல் பாக்ஸ் என்ற கே பாரைப் படமெடுத்துப் போட்டபோது, அதன் சுவரோவியத்தில் நின்றவர்கள் முரட்டு ஆண்கள். நாடு முழுக்கத் தனியாகக் கிடந்த எத்தனையோ பேருக்கு அந்தப் பத்திரிகைப் பக்கம்தான் வழிகாட்டியது.

எனக்குக் கோபம் வருவது வாசலில்தான். நியூயார்க்கின் மைன்ஷாஃப்ட் என்ற கே கிளப் 1976லேயே உடை விதி வைத்தது. லெதர், லீவைஸ், சீருடை, வியர்வை எல்லாம் சரி. சென்ட், டை, கோட் சூட், டிஸ்கோ அலங்காரம் கூடாது. சென்ட் வாசனை வந்தாலே திருப்பி அனுப்பப்படலாம். ஏச்சுக்குப் பதிலாக வந்த ஆண்மை, இன்னொருவரை வெளியே நிறுத்தும் அளவுகோலாகிவிட்டது. உடை மட்டுமா? வெஸ்ட் ஹாலிவுட்டின் ஸ்டுடியோ ஒன் என்ற கே டிஸ்கோவின் வாசலில், வெள்ளை ஆண்கள் சும்மா நுழைய, கறுப்பர்களிடமும் பெண்களிடமும் ஒன்றுக்கு மேல் அடையாள அட்டை கேட்கிறார்கள் என்று போராட்டமே நடந்தது. 1980களில் ஒல்லியான, மழித்த உடம்புக்கு மாற்றாக வந்த ‘பேர்’ (கரடி) வட்டாரத்திலும் தாடியும் தொப்பையும் மெல்ல மெல்லத் தகுதிகளாயின. இன்றைய டேட்டிங் செயலிகளில் ‘நளினமானவர்கள் வேண்டாம்’ என்று எழுதுபவர்களும் அதே வாசலில்தான் நிற்கிறார்கள்.

வேஷத்தை வேஷம் என்றே சொல்லி ஆடியவர்கள் நியூயார்க்கின் ஹார்லெமில், வேடமிட்டு நடந்து காட்டும் ‘பால்’ போட்டிகளை நடத்திய பால்ரூம் மக்கள். டிராக் போட்டிகளில் வெள்ளையர்களுக்கே கிரீடம் போவதைக் கண்டு வெகுண்ட கிரிஸ்டல் லபெய்ஜா, 1970களின் தொடக்கத்தில் ஹவுஸ் ஆஃப் லபெய்ஜா என்ற குழுவைத் தொடங்கினார். பால்ரூம் போட்டிகளில் ‘ரியல்னஸ்’ (நிஜம்போல் இருத்தல்) என்றொரு பிரிவு. கம்பெனி அதிகாரியாகவோ பள்ளிக்கூடப் பையனாகவோ, கே என்று யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி நடந்து காட்ட வேண்டும். நடை, கோட்டின் வெட்டு, பெட்டியைப் பிடிக்கும் விதம் எல்லாவற்றையும் நடுவர்கள் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பிடித்தால் 10. இல்லையென்றால் ‘சாப்’, ஆட்டத்திலிருந்து வெளியே. அந்தத் திறமை மேடையோடு முடிவதில்லை. விடிகாலையில் தெருவில் அடிபடாமல் வீடு போய்ச் சேரவும் அதுதான் தேவைப்பட்டது.