புரட்டாசியில் பூத்த கொன்றை

பங்குனி பிறந்து பத்து நாளாகிறது. நாவல் 14-ஆம் அத்தியாயத்தில் நிற்கிறது. நிற்கிறது என்பதைவிட, பாரம் ஏற்றிய மாடு நடுரோட்டில் படுத்த மாதிரி படுத்துவிட்டது என்பதே சரி. காலையில் நாலரைக்கு எழுந்து பால்காரர் வருவதற்குள் ஒரு பக்கம் என்பது பல வருடமாக என் கணக்கு. மார்கழியில் அது நடக்கும், தை மாசியிலும் ஒப்பேறிவிடும். இப்போது அந்த நேரத்துக்கே ஃபேன் வெந்நீர்க் காற்றைத் தள்ளுகிறது, போதாததற்கு ஐந்து மணிக்கு முன்னாலேயே குயில் ஆரம்பித்துவிடுகிறது. குயிலின் இனிமையைப் பற்றி எழுதியவர்கள் யாரும் அது உட்கார்ந்திருக்கும் வேப்பமரத்துக்கு நேர் கீழே மேஜை போட்டு எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம். அப்படிக் கூவுவது ஆண் குயில். என் பழைய கதை ஒன்றில் அதைப் பெண்ணாக்கி, கணவனைப் பிரிந்தவளோடு சேர்த்து அழவும் விட்டிருக்கிறேன். எல்லாரும் எழுதினார்கள், நானும் எழுதினேன்.

பகலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மார்ச் 31 கணக்கு முடிப்பு. அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒரே முகம்.

விஷயம் ஒரு கடிதத்தில் தொடங்கியது. போன வாரம் வந்த இன்லண்ட் லெட்டர், இந்தக் காலத்திலும் ஒருவர் இன்லண்ட் லெட்டரில் எழுதுகிறார். ஓய்வுபெற்ற ஆசிரியராம். ஜனவரியில் வந்த என் தொகுப்பைப் படித்துவிட்டு மூன்று பத்தி பாராட்டி, நாலாவது பத்தியில் போட்டுத் தாக்கிவிட்டார். "புரட்டாசி மழையில் தெரு முழுக்கச் சரக்கொன்றை பூத்துக் கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊர்ப்பக்கம் அது சித்திரையில் பூக்கும். தங்கள் ஊரில் எப்படியோ?" அந்த 'எப்படியோ'வில் இருக்கிற மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உடனே புத்தக அலமாரிக்குத்தான் போனேன். சங்கப் பாட்டில் கொன்றை கார்காலத்துப் பூ. கார் என்றால் ஆவணியும் புரட்டாசியும், ஆக நான் சொன்னது சரி என்று பதில் எழுத நான்கு வரி மனதுக்குள் ஓட்டியும் பார்த்துவிட்டேன். அப்புறம்தான் குறுந்தொகையின் 66-ஆம் பாட்டு கண்ணில் பட்டது, கோவர்த்தனார் எழுதியது. கார் வருவதற்குள் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை, கொன்றையோ சரம் சரமாகப் பூத்துவிட்டது. தோழி என்ன சொல்கிறாள் தெரியுமா? இந்தக் கொன்றை ஒரு மடமரம், காலம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நினைத்துப் பூத்துவிட்டது, நீ வருந்தாதே என்கிறாள். கூசாமல் ஒரு பொய். அழுகிறவளை இன்னும் பத்து நாள் உயிரோடு வைத்திருக்க ஒரு மரத்தையே முட்டாளாக்குகிறாள். எங்கள் தொழிலில் இவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அவள் மரத்தைப் பார்த்துவிட்டுப் பொய் சொன்னாள். நான் மரத்தைப் பார்க்காமலே உண்மை மாதிரி எழுதியிருக்கிறேன். எங்கள் தெருமுனையிலேயே ஒரு சரக்கொன்றை நிற்கிறது. இருபது வருடமாக அதன் கீழேதான் வண்டியை நிறுத்தி டீ குடிக்கிறேன்.

பதில் எழுதவில்லை.

வசந்தம் என்ற சொல்லை நான் கதைகளில் ஒரே ஒரு முறைதான் எழுதியிருக்கிறேன், அதுவும் வசந்தா என்கிற டைப்பிஸ்டின் பெயராக. நமக்கு இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். மதுரையில் அந்தச் சித்திரை எப்படிக் காயும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபம் வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் கட்டியது. நடுவில் சாமியை உட்காரவைத்து, வெக்கை அண்டாமல் சுற்றிலும் தண்ணீர் நிற்க அகழி போல ஒரு அமைப்பு வைத்தார்கள். ஊரே வாடும்போது சாமிக்கு மட்டும் கொஞ்சம் குளிர்ச்சி, அதுதான் இங்கே வசந்தம். பனி விலகியது, மொட்டு அவிழ்ந்தது என்று யாராவது எழுதினால் எந்த ஊர் என்று கேட்கத் தோன்றுகிறது.

அந்தத் தொகுப்பின் கணக்கும் இந்த வாரம்தான் வந்தது. 300 பிரதி அடித்ததில் 112 விற்றிருக்கிறது. விலை 220 ரூபாய், ராயல்டி பத்து சதவீதம், ஆக 2,464 ரூபாய். அதுவும் அடுத்த மாதம் தருவார்களாம். இலவமரமும் இப்போதுதான் வெடிக்கிறது, கிளிக்கு நல்ல துணை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அம்மா கூப்பிட்டாள். முந்தின ராத்திரி வேப்பமரத்தடியில் அப்பாவின் பழைய வேட்டியை விரித்து நாலு மூலைக்கும் செங்கல் வைத்திருந்தாள். காலையில் வேட்டி தெரியவில்லை, அவ்வளவு பூ. தூரத்தில் வெள்ளையாகத் தெரிவது கிட்டப் போனால் வெள்ளையில்லை, நெய் உருக்கும்போது மேலே வருமே, அந்த நிறம். ஐந்து இதழும் பின்னால் வளைந்து நடுவில் ஒரு சின்னக் குழல் நிற்கிறது. மணம் தேன் மாதிரி இருந்தது, இரண்டை வாயில் போட்டேன், தொண்டைவரை கசந்தது. அம்மா முறத்தில் அள்ளிப் புடைக்கப் புடைக்க காம்பும் எறும்பும் ஒரு பக்கம் ஒதுங்கின. மாடியில் காயவைத்தால் மூன்றாம் நாள் பழுப்பாகி ஒரு முறம் பூ கைப்பிடியாகச் சுருங்கிவிடும். அது ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போய், சித்திரை முதல் நாள் பச்சடிக்கு ஒரு சிட்டிகையும் மிச்சம் வருஷம் முழுக்க ரசத்துக்கும் ஆகும்.

"எழுதுறது அங்க உக்காந்தே எழுது. காக்கா வந்தா வெரட்டு" என்றாள்.

மாடிக்குப் போகும் முன்னால் தெருமுனைவரை நடந்து கொன்றையைப் பார்த்தேன். பூ இல்லை. இலையும் பாதிக்குமேல் கொட்டிவிட்டது. போன வருடத்துக் காய்கள் கரிய குழல்களாக, அவற்றில் சில ஒரு முழத்துக்கும்மேல் நீளமாக, தொங்குகின்றன. காற்றடித்தால் ஒன்றோடொன்று மோதிக் கட்டைச் சத்தம் வருகிறது. டீக்கடைக்காரரிடம் எப்போது பூக்கும் என்று கேட்டேன். "அழகர் ஆத்துல எறங்குற சமயம் பாருங்கண்ணே, எங்க கடை கூரையே மஞ்சளாத்தான் இருக்கும்" என்றார், இது தெரியாதா என்கிற மாதிரி.

14-ஆம் அத்தியாயத்தில் ஒருத்தி வாசலில் காத்திருக்கிறாள், ஐப்பசி அடைமழையில். ஒரு மாதமாக அவள் வாயைத் திறக்கவில்லை. மாடியில் பூவுக்குக் காவலாக உட்கார்ந்து எழுதிய மழையை எல்லாம் அடித்து நீக்கினேன். அவளையும் மாடிக்கு ஏற்றி, வெயிலில், பூ காயும் வேட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம் இரண்டு பூவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அவன் கடைசியாக வந்தபோது சாப்பிட்ட ரசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ஒன்றேகால் பக்கம் வந்தது. அதற்குள் காக்கை இரண்டு தடவை வந்துவிட்டுப் போயிருந்தது, அம்மாவிடம் சொல்லவில்லை.