இரவு டூட்டிக் குறிப்புகள்

மார்ச் 4
மூன்றாம் படுக்கையின் இதய மானிட்டர் அலாரம் அலறியது. திரையில் அகல அகலமாக அலைகள், எண் 210. ஓடினேன். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார். "ஏம்மா இப்படி மூச்சிரைக்க ஓடி வர்றே?" கை ஆட்டம்தான் அலையாக விழுந்திருக்கிறது. உற்றுப் பார்த்தால் அந்தக் கிறுக்கலுக்குள்ளேயே அவருடைய கூரான துடிப்புகள் சீராக நடந்துகொண்டிருந்தன. விரல் கிளிப் காட்டிய நாடித்துடிப்பும் 82 தான்.

மார்ச் 7
இன்று நிஜம். மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்தவர். படபடப்பு என்றார். துடிப்பு 170, பிபி 110/70. சாதாரணமாகப் பேசினார், அதுதான் எல்லோரையும் ஏமாற்றியது. இளைய டாக்டர், "பிபி நல்லாத்தானே இருக்கு, வெரபமில் போடலாமா?" என்றார். துடிப்பைக் குறைக்கும் மருந்து அது. பெரிய டாக்டர் இசிஜி தாளை வாங்கி, பேனா முனையால் கட்டங்களை எண்ணினார். அலையின் அகலம் நான்கு சின்னக் கட்டம், அதாவது 0.16 விநாடி. மூன்றைத் தாண்டினாலே அகலம்தான். இதய மேலறையின் சின்ன அலைகள் இதோடு ஒட்டாமல் தன்போக்கில் போயின. நடுவில் ஒரே ஒரு துடிப்பு மட்டும் ஒல்லியாக, இயல்பாக. "இது வி.டி., வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா. இதயத்தோட கீழறை தானாவே துடிப்பைக் கிளப்புது. வெரபமில் போட்டா பிபி விழுந்துடும்."

துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மருந்து ஏறும்போதே பிபி 80க்கு இறங்கியது. மயக்கம் கொடுத்து, துடிப்போடு ஒத்திசைத்து ஒரு ஷாக். திரை ஒரு கணம் நேர்கோடானது. அந்தக் கணம் எவ்வளவு நீளம் என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். அப்புறம் ஒல்லியான துடிப்புகள் வந்தன.

மார்ச் 8
தூங்கினேன். கனவிலும் அலாரம்.

மார்ச் 12
வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் 2.6க்கு இறங்கிய அம்மா. போதாக்குறைக்கு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வேறு. இரண்டும் சேர்ந்து க்யூடி இடைவெளி, அதாவது கீழறை ஒருமுறை துடித்து மறுபடி தயாராகும் நேரம், 540 மில்லி விநாடிக்கு நீண்டுவிட்டது. அலை ரிப்பன் போல முறுக்கிக்கொண்டு சிறுத்துப் பெருத்தது. 1966இல் டெசர்டென் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த அதே டார்சாட், அலை முறுக்கிக்கொண்டு ஓடும் ஒரு வகை வி.டி. மெக்னீசியம் 2 கிராம் போனதும் அடங்கியது.

மார்ச் 15
"வீட்ல மானிட்டர் இல்லியேக்கா, யாருக்காவது இதயம் நின்னுட்டா எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றான் தம்பி. திடீரென்று சாய்ந்து, தட்டிக் கூப்பிட்டும் அசையவில்லை என்றால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு நெஞ்சை அழுத்து என்றேன். முதலில் வலிப்பு மாதிரிக்கூட உதறலாம்.
"மூச்சு விடுறாரே?"
"விட்டு விட்டு, கரையில் கிடக்கிற மீன் மாதிரி வாயைத் திறந்தா அது மூச்சில்லை."
தலையணையை எடுத்துப் போட்டு அழுத்தினான். நிமிடத்துக்கு 100லிருந்து 120 வேண்டும். 90தான் வந்தது. மறுபடி எண்ணச் சொன்னேன்.