மூடிய தோட்டத்தில் அஸ்பெஸ்டாஸ்: கூரைக்கு முன்னால் காகிதம்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பஹாவ் பக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் கட்டடங்களைக் காலி செய்யும் பொறுப்பு எங்கள் குழுவிடம் வந்தது. லயன் வீடுகள், பால் கொட்டகை, புகைக்கூடம், மருந்தகம், கிராணி (தோட்ட எழுத்தர்) வீடு என்று எல்லாம் பழையவை, அஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் இருக்கக்கூடியவை. இதே நிலையில் உள்ள இடம் கைக்கு வருபவர்களுக்காக நடைமுறையை எழுதி வைக்கிறோம்.

கூரையை அண்ணாந்து பார்ப்பதற்கு முன் மாவட்ட நில அலுவலகத்தில் ‘சாரியான் ரஸ்மி’ (நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் அதிகாரப்பூர்வச் சான்று) எடுத்துவிடுங்கள். தோட்டம் கைமாறியிருக்கும், பழைய நிர்வாகம் போயிருக்கும், சாவி காவலாளியிடம் இருக்கும், ஒரு லயனில் கோயில் சாமான் அடுக்கியிருக்கும். கேட்டால் ஆளுக்கு ஆள் கை காட்டுவார்கள். சட்டம் பார்ப்பது பட்டாவில் உள்ள பெயரை மட்டுமல்ல, இடம் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதையும்தான். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15ஆம் பிரிவு முதலாளியையும், 17ஆம் பிரிவு அவருடைய வேலையால் பாதிக்கப்படும் வெளியாட்களையும், 18ஆம் பிரிவு இடத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரையும் பற்றியவை. ஆள் இல்லாத கட்டடம் வேலையிடம் ஆகாது என்று சிலர் வாதாடுவார்கள். கழற்றுவதற்கு ஓர் ஆள் ஏணியில் கால் வைத்ததுமே அது வேலையிடம்தான்.

1967ஆம் ஆண்டு தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. அதே நாளில் 1994 சட்டத்தின் திருத்தம் அமலுக்கு வந்து, மேலே சொன்ன கடமைகளை மீறினால் அதிகபட்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக ஏறியது. பழைய சட்டத்தின் பெயரைப் போட்ட ஒப்பந்தப் படிவத்தைக் குத்தகையாளர் நீட்டினால், அவர் எத்தனை ஆண்டுகளாக அதைத் திருத்தவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

அடுத்தது, எது கல்நார் என்று கண்டுபிடிப்பது. நெளிவுக் கூரைத் தகடு எல்லோர் கண்ணிலும் படும். தப்பிப்போவது மற்றவை: மருந்தகத்தின் தட்டையான உட்கூரைப் பலகை, பழைய பியூஸ் பெட்டிக்குள் இருக்கும் தகடு, மழைநீர்க் குழாய், தரை வினைல் ஓடு, ஆலையில் கொதிகலனையும் நீராவிக் குழாயையும் சுற்றிய வெள்ளைப் பூச்சு, அடுப்புக் கதவின் கயிறு. குழாய்ப் பூச்சுதான் மிக ஆபத்தானது. சிமெண்டில் நார் இறுகிக் கிடக்கும். பூச்சில் கை பட்டாலே உதிரும். பின்னாளில் வந்த தகடுகளில் கல்நார் இல்லாமல் செல்லுலோஸ் நார் சேர்த்தவையும் உண்டு. இரண்டையும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. சொல்லுகிறேன் என்பவரை நம்ப வேண்டாம்.

மாதிரி எடுக்கும்போது அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் நனைத்து, ஏற்கனவே உடைந்த ஓரத்திலிருந்து கட்டைவிரல் நகம் அளவுக்குக் கிள்ளி, இரட்டை ஜிப் பையில் போட்டு எண் எழுதி, எடுத்த இடத்தில் பெயிண்ட் அடித்துவிடுங்கள். குழாய்ப் பூச்சில் மேல் படலம் மட்டும் போதாது, அடிவரை வேண்டும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி மாதிரி எடுங்கள். புகைக்கூடத்தின் ஒரு பாதியை வேறு காலத்தில் மாற்றியிருப்பார்கள். சாம் (மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கே அனுப்புங்கள்.

முடிவு வந்ததும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்பதில்லை. விரிசல் இல்லாத கூரை, கீழே யாரும் இல்லாத இடம் என்றால் வரைபடத்தில் குறித்து, எச்சரிக்கைப் பலகை மாட்டி, பூட்டி, குறித்த இடைவெளியில் பார்த்து வரலாம். ஆனால் பழைய இரும்பு பொறுக்குபவர்கள் வரும் தோட்டத்தில் பூட்டு ரொம்ப நாள் தாங்காது. எங்கள் கணக்கில் கொதிகலன் அறையை முதலில் முடிப்பதே சரி. அவர்கள் தேடி வருவதும் அந்தக் குழாய்களைத்தான்.

கழற்றுவதற்கு முன் ஊராட்சி மன்றத்தின் இடிப்பு அனுமதி, பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் இரசாயன அபாய மதிப்பீடு, எழுத்து வடிவில் வேலைமுறை ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். குத்தகையாளரிடம் முந்தைய வேலைகளின் கழிவு அனுப்பிய படிவ நகலைக் கேளுங்கள். விலைப்பட்டியலை யாரும் தட்டச்சு செய்து தருவார்கள். அந்த நகல் இல்லையென்றால் அவர் கழற்றியவை எங்கோ புதரில் கிடக்கின்றன என்று அர்த்தம்.

கூரை வேலையில் முதலில் ஆளைக் கொல்வது நார் அல்ல, விழுவதுதான். பாசி படிந்த பழைய தகடு ஆள் எடையைத் தாங்காது. ஏறி நடக்கவே கூடாது. ஆணிகளைக் கீழிருந்து, சாரத்தில் நின்று எடுப்பது நல்லது. மேலே போக வேண்டுமென்றால் கூரைச் சட்டங்களுக்குக் குறுக்கே நடைபலகை, கீழே வலை, உடல் முழுவதையும் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டையோடு கயிறு. தோட்டத்தில் பூச்சி மருந்து அடிக்கும் முதுகுத் தெளிப்பானைக் கழுவிவிட்டு அதிலேயே சோப்புத் தண்ணீர் தெளிக்கலாம். உயர் அழுத்த நீர்ப் பீச்சு வேண்டவே வேண்டாம். அது பாசியோடு நாரையும் சுவரெங்கும் அடித்துவிடும். துருப்பிடித்த கொக்கி ஆணியைக் கத்தரியால் வெட்டுங்கள். கிரைண்டர், துளைப்பான், சுத்தியல் மூன்றும் களத்துக்குள் வரக்கூடாது. தகட்டை முழுசாக இறக்க வேண்டும். பெரிய தகடு 30 கிலோவைத் தாண்டும், நனைந்தால் இன்னும் கனக்கும், இரண்டு பேர் பிடிக்காமல் இறங்காது. வேலை செய்த உடையோடு தொழிலாளர் வீட்டுக்குப் போகக்கூடாது. வேலையின்போது போட வேண்டியவை: நுண்தூசியைப் பிடிக்கும் பி100 வடிகட்டி உள்ள முகமூடி, தலைமூடியுள்ள ஒருமுறை உடை, கயிறில்லாத பூட்ஸ். தாடி இருந்தால் முகமூடி ஒட்டாது. மழிக்க மனமில்லாதவருக்கு வேறு வேலை கொடுங்கள். துடைப்பம் கூடாது, ஈரத்துணியும், நுண்ணிய நாரையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள தூசி உறிஞ்சியும் மட்டுமே. குழாய்ப் பூச்சு இந்த முறையில் அடங்காது. அந்த அறையை பிளாஸ்டிக்கால் மூடி, காற்றை வடிகட்டி வெளியேற்றி, முடிந்தபின் காற்றில் நார் அளந்து பார்த்தே திறக்க வேண்டும்.

பெரும்பாலோர் சறுக்குவது கழிவில். 2005ஆம் ஆண்டு பட்டியலிட்ட கழிவு (அபாயக் கழிவு) விதிகளில் எஸ்டபிள்யூ 201 என்ற குறியீடு குறிப்பது சேறு, தூசி, நார் வடிவிலுள்ள கல்நார்க் கழிவு. உடையாத தகடு இதில் சேருமா என்ற கேள்வியைச் சுற்றுச்சூழல் துறைக்கு எழுத்தில் அனுப்பிப் பதில் வாங்குங்கள். வாய்மொழிப் பதில் கோப்பில் நிற்காது. பூச்சும் தூளும் சேருவதில் சந்தேகமே இல்லை. கழிவு உண்டான 30 நாளுக்குள் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்; 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வைத்திருக்கக் கூடாது. அனுப்புவது எல்லாம் ஈஸ்விஸ் என்ற, சுற்றுச்சூழல் துறையின் கழிவுப் பதிவு இணைய முறையில் பதிய வேண்டும். நிலச் சொந்தக்காரக் கம்பெனி அதில் பதிவே செய்யாதிருந்தால் லோரி வாசலில் நிற்கும், படிவம் பிறக்காது. எனவே பதிவை வேலை தொடங்கும் முன்பே முடியுங்கள். 0.2 மில்லிமீட்டர் பாலித்தீனில் இரண்டு சுற்று சுற்றி, வாய் முறுக்கிக் கட்டி, லேபிள் ஒட்டி, உரிமம் உள்ள லோரியில் ஏற்றினால்தான் நெகிரி செம்பிலானிலுள்ள புக்கிட் நானாஸ் கழிவு நிலையம் போன்ற அனுமதி பெற்ற இடம் வாங்கிக்கொள்ளும்.

சுற்றி வைத்த தகடுகளை இரவு வெளியில் விடாதீர்கள். ஆட்டுக் கொட்டகைக்கும் கோழிக்கூட்டுக்கும் நல்ல கூரை என்று அக்கம்பக்கத்தார் எடுத்துப் போவார்கள். உடைந்த துண்டைச் செம்மண் பாதைக் குழியில் கொட்டி நிரப்புவதும் பழைய வழக்கம். லோரிச் சக்கரம் அதைத் தூளாக்கிவிடும். பாதையில் ஏற்கனவே கிடப்பதையும் நனைத்துக் கையால் பொறுக்கி, அதே கழிவோடு அனுப்புங்கள்.

கடைசியில் எடை பாருங்கள். அனுப்பிய எடையும் நிலையம் திருப்பித் தரும் படிவத்தில் உள்ள எடையும் பொருந்தாவிட்டால், வித்தியாசம் எங்கே போனது என்று கேட்டு எழுதி வாங்காமல் குத்தகையாளருக்கு மீதிப் பணம் கொடுக்க வேண்டாம். கழிவுப் பதிவேட்டை 3 ஆண்டும், தொழிலாளரின் கல்நார் வெளிப்பாட்டு அளவுப் பதிவை 30 ஆண்டும் வைத்திருக்க வேண்டும். நிலம் மறுபடி விற்கப்பட்டால் கழற்றாமல் விட்ட இடங்களின் வரைபடமும் வாங்குபவர் கைக்குப் போக வேண்டும்.