போகிற வீட்டிலிருந்து தொடங்குங்கள்

வீடு மாறப்போகிறோம் என்றதும் எல்லோரும் முதலில் அட்டைப்பெட்டி தேடக் கிளம்புகிறார்கள். என்னைக் கேட்டால் பெட்டி கடைசி வேலை. ஆள் வைத்தால் ஒரு பகலில் மொத்த வீட்டையும் கட்டிவிடுவார்கள். நம்மை உடைத்துப்போடுவது அன்றைய சாயங்காலம்தான். புது வீட்டுக் குழாயில் தண்ணீர் வராது, ஃபேன் சுற்றாது, பீரோ வாசலில் நுழையாது, தலையணை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பசியும் தூக்கமுமாக நான்கு பேர் நடு ஹாலில் நின்றுகொண்டிருப்போம். அதனால் இந்த வைகாசியில் மேற்கு மாம்பலத்திலிருந்து சேலையூருக்கு மாறியபோது, வேலையைப் புது வீட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கினேன். பழைய வீட்டில் ஒரு டம்ளரைக்கூட அதுவரை அசைக்கவில்லை.

மாறியதற்குக் காரணம் அம்மாவின் முழங்கால். பழைய வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. டாக்டரிடம் போவதென்றாலே அம்மாவுக்குப் படிக்கட்டு பயம் முதல் நாளே வந்துவிடும். லிஃப்ட் இருக்கிற வீடு, எங்கள் பட்ஜெட், மகளின் பள்ளி எல்லாம் சேர்ந்து எங்களைத் தாம்பரம் பக்கம் கொண்டுபோனது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் செய்த வேலைகளில் மிகவும் உதவியது ஒரு சின்ன விசாரிப்பு. தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அண்ணனிடம், "2015 டிசம்பர்ல இங்க எவ்வளவு தண்ணி நின்னுது அண்ணே?" என்று கேட்டேன். அவர் தன் வண்டிச் சக்கரத்தில் கையை வைத்துக் காட்டினார், பாதிச் சக்கரம். "மிக்ஜாம் புயல் அப்போ?" என்றேன். கை கொஞ்சம் கீழே இறங்கியது. பின் தெருவில் இதைவிட அதிகம் என்றார். புரோக்கர் அதுவரை "ஒரு சொட்டு நிக்காது மேடம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதே கட்டடத்தில் தரைத்தளமும் காலியாக இருந்தது, வாடகையும் குறைவு. அந்தச் சக்கரத்தைப் பார்த்த பிறகு முதல் மாடியை எடுத்தோம். சென்னையில் வீடு பார்ப்பவர்கள் தெருவில் பல வருஷமாகக் கடை போட்டிருப்பவர்களிடம் கட்டாயம் பேச வேண்டும். கோடையில் வறண்டு கிடக்கிற தெருவைப் பார்த்து ஐப்பசியைக் கணிக்க முடியாது.

பால் காய்ச்சும் நாளைச் சாமான் ஏற்றும் நாளோடு சேர்க்காதீர்கள். நல்ல நாள் பார்த்து, விளக்கு, சாமி படம், அரிசி, பருப்பு, உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டு முன்னாடியே போய்விட்டோம். பால் பொங்கியதும் அம்மா எல்லோருக்கும் சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். அப்புறம் அன்றைய பகல் முழுக்க அங்கேயே இருந்தோம். காலி வீட்டில் ஒரு பகல் இருந்து பார்த்தால்தான் அந்த வீடு என்னவென்று தெரிகிறது. எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து பார்த்தோம். பாத்ரூமில் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நின்று பார்த்தேன். ஓட்டைப் பக்கம் போகாமல் மூலையில் தேங்கியது. கொத்தனார் வந்து சரிசெய்ய வேண்டிய வேலை. வீடு காலியாக இருந்ததால் அரை நாளில் முடிந்தது. கட்டிலும் வாஷிங் மெஷினும் வந்து இறங்கிய பிறகு அதைச் செய்திருந்தால் வீடே அல்லோலகல்லோலப்பட்டிருக்கும். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தோம், வாசல் பூட்டை மாற்றினோம், ஃப்ரிட்ஜ் வரும் இடத்தில் பெரிய பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று பார்த்தோம்.

இதற்காகப் பாதி மாதத்துக்கு இரண்டு வீட்டு வாடகையும் கொடுத்தோம். முதலில் என் கணவருக்கு மனசே வரவில்லை, தண்டச் செலவு என்றார். எனக்கு அதுதான் இந்த மாற்றத்திலேயே உருப்படியான செலவு.

அம்மாவின் அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எழுபது தாண்டியவர்களுக்கு வீடு மாறுவது நமக்கு இருப்பது மாதிரி இல்லை. "எனக்கென்னடி, எங்க போட்டாலும் படுத்துப்பேன்" என்று அம்மா சொன்னாள். ஆனால் ராத்திரி எழுந்து பாத்ரூம் போகும்போது அவள் கண்ணைச் சரியாகத் திறப்பதே இல்லை என்பதைப் பல நாள் பார்த்திருக்கிறேன். கட்டிலின் இடது பக்கம் இறங்குவாள், சுவரைத் தொட்டுக்கொண்டே போவாள், இடுப்பு உயரத்தில் இருக்கும் ஸ்விட்சைக் கை தானாகத் தேடும். எல்லாம் வருஷக்கணக்கான பழக்கம். புது அறையில் கட்டிலை ஜன்னலோரம் போட்டால் அழகாக இருந்திருக்கும். ஆனால் பாத்ரூம் வலது பக்கம் வந்துவிடும். அதனால் தலைமாட்டை எதிர்ச்சுவருக்கு மாற்றி, இங்கேயும் இடது பக்கம் இறங்கினால் பாத்ரூம் வரும்படி வைத்தோம். எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு ஸ்விட்சைத் தாழ்த்திப் போட்டோம். பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டீல் கம்பி. பழைய அறையில் அவளுடைய மேஜையைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். மாத்திரை டப்பா, விபூதிக் கிண்ணம், டார்ச், கண்ணாடிக்கூடு எல்லாம் எங்கெங்கே இருந்ததோ அதே வரிசையில் வைத்தாள் என் மகள். சாமான் ஏற்றும் நாளில் அம்மா அக்கா வீட்டில் இருந்தாள். மறுநாள் வந்தபோது அறை அவளுக்காகத் தயாராக இருந்தது. முதல் ராத்திரி நான் தூங்காமல் காத்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து போய்த் திரும்பி வந்து படுத்தாள், யாரையும் கூப்பிடவில்லை.

கழிப்பது, கொடுப்பது எல்லாம் எல்லோரும் சொல்வதுதான். பரணில் இருப்பதை முதலில் இறக்குங்கள். அங்கே இருக்கிறதே மறந்துபோயிருந்தால் அது உங்களுக்கு வேண்டாம். பழைய பேப்பர்காரரை முன்கூட்டியே வரச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

பெரிய சாமான்களில் சிலவற்றுக்கு முந்தின நாளே கவனம் வேண்டும். ஃப்ரிட்ஜைக் காலி செய்து, ஆஃப் செய்து, ஐஸ் உருகி வடியவிட்டுத் துடைத்து வையுங்கள். நிற்க வைத்தே கொண்டுபோகச் சொல்லுங்கள். வழியில் சாய்த்திருந்தால் இறக்கியதும் சில மணி நேரம் சும்மா நிற்கவிட்டு அப்புறம் ஆன் செய்ய வேண்டும், கம்ப்ரெஸரின் எண்ணெய் அதன் இடத்துக்குத் திரும்ப வேண்டுமே. முன்பக்கம் திறக்கிற வாஷிங் மெஷினில் டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. வாங்கியபோது பின்னால் முடுக்கியிருந்த நீளமான போல்ட்டுகளைத் திரும்பப் போட்டால்தான் அது ஆடாமல் போகும். அந்த போல்ட்டுகளை ஒரு கவரில் போட்டு பில்லோடு வைத்திருந்தேன். கிரைண்டர் கல்லைத் தனியாக எடுத்துப் பழைய காட்டன் புடவையில் சுற்றினோம். இன்வெர்ட்டர் பேட்டரியில் ஆசிட் இருக்கிறது, அதைச் சாய்க்கவே கூடாது. அம்மாவின் பீரோ ஆறரை அடி உயரம். லிஃப்டுக்குள் போகுமா என்று டேப் வைத்து அளந்து, போகாது என்று தெரிந்து, மாடிக் கூலியையும் முதலிலேயே பேசிவிட்டோம். கூலிப் பேச்சு சாமான் இறங்கும் நேரத்தில் நடந்தால் நம் கைதான் தாழும்.

கேஸ் விஷயத்தில், ஊருக்குள்ளேயே ஏஜென்சி மட்டும் மாறுகிறது என்றால் கனெக்‌ஷனை மாற்றித்தரக் கேட்டால் போதும். வேறு ஊருக்குப் போகிறவர்கள் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அந்த வவுச்சரைப் புது ஊரில் காட்ட வேண்டும். ஈபிக்கு இரண்டு வீட்டு மீட்டரையும் போட்டோ எடுங்கள். கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், நமக்கு முன் இருந்தவரும் பெயின்ட் அடித்தவர்களும் ஓட்டிய யூனிட்டுகள் நம் பில்லில் சேர்ந்து ஸ்லாபை ஏற்றிவிடும்.

பெட்டியின் மேல் உள்ளே என்ன இருக்கிறது என்பதைவிட, புது வீட்டில் எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதைப் பெரிதாக எழுதுங்கள். அதே பெயரை அந்த அறைக் கதவிலும் ஒட்டிவிட்டால் இறக்குகிற தம்பிகள் நம்மைக் கேட்கவே தேவையில்லை. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சின்னப் பெட்டிகள் புத்தகத்துக்குச் சரியாக இருந்தன. நகை, பத்திரம், மகளின் சர்டிஃபிகேட், அம்மாவின் மருந்து ஆகியவை வண்டியில் ஏறவே இல்லை, என் தோள்பையிலேயே வந்தன. விடிவதற்குள் ஏற்றத் தொடங்கி, வேளச்சேரி சாலையில் நெரிசல் சேர்வதற்குள் வண்டி சேலையூர் போய்ச் சேர்ந்தது. மதியச் சாப்பாடு ஏற்றுபவர்களுக்கும் சேர்த்தே வாங்கிவைத்திருந்தோம்.

இப்போது வீடு தேடுகிறவர்களுக்கு ஒன்று. எங்கள் பக்கம் ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள். அதனாலேயே ஆடி வீடு பார்ப்பதற்கு நல்ல மாதம். காலியாகக் கிடக்கிற வீட்டுக்கு ஓனரும் கொஞ்சம் இறங்கிப் பேசுவார். சாயங்காலம் இடியோடு ஒரு மழை கொட்டிய மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். தெருவில் எங்கே தண்ணீர் நிற்கிறது, எந்தச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது என்பதைக் கையை வைத்தே பார்த்துவிடலாம். பிடித்திருந்தால் பேசி முடித்து, ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு வண்டியையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.