சாமி வந்த கோயில், சத்தம் வராத கிடார்

போன தை மாதம் மைத்துனிக்கு வளைகாப்பு. சத்துவாச்சாரியில் மாமனார் வீட்டு மொட்டை மாடியில் பந்தல். சாப்பாட்டுக்கு முன்னால் 2 பாட்டு வாசிக்கிறேன் என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கண்ணை மூடி, முதல் பாட்டை உருகி உருகி வாசித்துவிட்டுக் கண்ணைத் திறந்தால், மனைவியின் பெரியப்பா தோளைத் தட்டுகிறார். "மாப்ள, சுருதி சேத்தது போதும், பாட்ட ஆரம்பிங்க."

அவர் மேல் தப்பில்லை. ஒரு பக்கம் பெங்களூர் ஹைவேயில் லாரி ஹாரன், கீழே கிரைண்டர், நடுவில் வளையல் சத்தம். அக்கூஸ்டிக் கிடார் என்பது 4 பேர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அறைக்கான வாத்தியம். எங்கள் சொந்தத்தில் அப்படி 4 பேரைச் சேர்ப்பது கஷ்டம்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-இல் சாமி திரும்பி வந்துவிட்டதால் பட்டியலில் ஓர் இடம் காலி. மச்சான்கள் அந்த இடத்தை எனக்கு ஒதுக்கினார்கள்: சத்தம் இல்லாத கிடார்.

அடுத்து வருவது அதே பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், காட்பாடியில் மண்டபம். அதற்குள் ஒரு ஆம்ப்ளிஃபையர் வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். "கிடாரே 9,000 ரூபா. அதுக்கு வாய் வாங்க 8,000-க்கு மேல தர மாட்டேன்" என்று மனைவி பட்ஜெட்டை அறிவித்தாள்.

முதலில் போனது ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை. கிடார் என்றதுமே கடைப் பையன் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு டவர் ஸ்பீக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தான். முன்னால் நெருப்புப் படம், நெருப்புக்குள் 10,000 வாட்ஸ், அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் பி.எம்.பி.ஓ., அதாவது கண் இமைக்கும் நேர உச்சம் என்று கம்பெனி போட்டுக்கொள்ளும் கணக்கு. ஆன் செய்ததும் நீலம், பச்சை, சிவப்பு என்று லைட் சுற்றியது. எனக்கும் கொஞ்சம் ஆசை வந்தது, மறைக்கவில்லை. நல்லவேளையாகப் பின்பக்கம் குனிந்து பார்த்தேன். மின்சார ஒயர் நுழையும் இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர்: 230 வோல்ட், 60 வாட்ஸ். உள்ளே போவது 60, வெளியே வருவது 10,000! இது மட்டும் உண்மையாக இருந்தால் ஆம்ப் வாங்குவதை விட்டுவிட்டு அதை மின்வாரியத்துக்கு வாடகைக்கு விடலாம். பையனிடம் கேட்டேன். "சார், அது வேற வாட்ஸ், இது வேற வாட்ஸ்" என்றான்.

இரண்டாவது தவறு முழுக்க என்னுடையது. காட்பாடியில் படிப்பு முடிந்து ஹாஸ்டலைக் காலி செய்யும் ஒரு வட இந்தியப் பையன் 10 வாட்ஸ் கிடார் ஆம்ப்பை 3,500-க்கு விற்றான். கிடார் ஆம்ப் என்று அதன் நெற்றியிலேயே எழுதியிருந்தது. வேறென்ன வேண்டும்? டி.வி.எஸ். 50-யில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, பாலாற்றுப் பாலத்தில் எதிர்க்காற்று வாங்கிக்கொண்டு, ராஜா மாதிரி வீடு வந்து சேர்ந்தேன்.

கேபிளைச் சொருகி ஒரு மீட்டு மீட்டினேன். அம்மா பூஜை அறையிலிருந்தே குரல் கொடுத்தார். "ஏன்டா, தகரக் கொட்டா மேல ஆலங்கட்டி மழ பெய்யுற மாதிரி கீதே, இன்னா அது?"

அச்சு அசலாக அதே சத்தம்தான். ஆம்ப்பில் ஓவர்டிரைவ் என்று ஒரு பட்டன் இருந்தது. அதை அமுக்கினால் சரியாகும் என்று அமுக்கினேன். எதிர்வீட்டுக்காரர் மோட்டார் பம்பை அணைத்துவிட்டு வெளியே ஓடி வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார்.

இந்த நேரத்தில்தான் சவுண்ட் சர்வீஸ் அண்ணன் என் வாழ்க்கையில் வந்தார். வேலப்பாடியில் கடை. ஆடி மாதம் கூழ் ஊற்றும் தெருவெல்லாம் அவர் கட்டிய குழாய் ஸ்பீக்கர்தான் அலறும். சுவரோரம் பழைய அகுஜா ஆம்ப்புகள் செங்கல் மாதிரி அடுக்கியிருந்தன. 'சார்' என்பார், கூடவே 'நீ' என்பார். எங்கள் ஊரில் அது மரியாதைக் குறைவில் சேராது.

நான் கொண்டுபோனதை 2 நிமிடம் கேட்டார். "சார், இது கரண்ட் கிடாருக்கு செஞ்சது. நீ வெச்சினு கீறது கட்ட கிடார்."

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். எலக்ட்ரிக் கிடாருக்கு உடம்பு என்பது சும்மா பலகை. அதன் குரலில் பாதி ஆம்ப்பிலும் ஸ்பீக்கரிலும்தான் உருவாகிறது. அதனால் அந்த ஸ்பீக்கர் வேண்டுமென்றே நிறம் சேர்க்கும். 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டிய மெல்லிய ஒலிகள் அதில் மளமளவென்று குறைந்துவிடும். நம் மரக் கிடாரோ தன் குரலைத் தானே செய்துகொள்கிறது. அதன் மினுமினுப்பெல்லாம் அந்த மெல்லிய ஒலிகளில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு என் கிடாரில் கம்பிகள் உட்காரும் பட்டைக்கு அடியில், அதிர்வை மின்சாரமாக மாற்றித் தரும் பீசோ பிக்கப். அது இயல்பிலேயே கொஞ்சம் கீச்சுக்குரல். ஆக, இதற்கு வேண்டியது எதையும் சேர்க்காமல், எதையும் தின்னாமல், உள்ளதை அப்படியே பெரிதாக்கும் ஆம்ப். அக்கூஸ்டிக் ஆம்ப் என்று தனியாக விற்பது அதனால்தான். அதில் அந்த மெல்லிய ஒலிகளுக்கு என்றே ஒரு ட்வீட்டரோ, ஸ்பீக்கர் நடுவிலேயே ஒரு குட்டிக் கூம்போ இருக்கும். பாடுகிறவருக்கு மைக் சொருகத் தனி வழியும் பெரும்பாலும் இருக்கும்.

"எத்தனை வாட்ஸ்ணே வாங்கலாம்? 30? 50?"

"வூட்டு ஹாலுக்கும் மொட்ட மாடிக்கும் 15 போதும். 30 வாங்கினா ரெண்டு மடங்கு சத்தம் வரும்னு நெனைக்காத, கொஞ்சூண்டுதான் ஏறும். காதுல ரெண்டு மடங்கா வுழணும்னா பத்து மடங்கு வாட்ஸ் வோணும். மண்டபத்துக்குத்தான் நான் கீறேனே."

வீட்டுக்கு வந்து இரவெல்லாம் போனில் தேடினேன். ரோலண்ட் ஏசி-33 என்று ஒன்று, 8 பென்சில் பேட்டரி போட்டால் கரண்ட் இல்லாமலும் பாடுமாம். விலையைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். ஃபெண்டர் அக்கூஸ்டாசோனிக் 15 நான் தேடிய அளவு: 15 வாட்ஸ், 6 இஞ்ச் ஸ்பீக்கர், கிடாருக்கு ஒரு வழி, மைக்குக்கு ஒரு வழி. புதிது என் பட்ஜெட்டுக்குள் அடங்கவில்லை. 3 வாரம் காத்திருந்ததில் கிட்டத்தட்ட அதே அளவில் வேறொரு பழைய ஆம்ப் 7,500-க்குக் கிடைத்தது. இந்த முறை என் கிடாரையே கொண்டுபோய்ச் சொருகி, அரை மணி நேரம் வாசித்துப் பார்த்துத்தான் பணத்தைக் கொடுத்தேன். 10 வாட்ஸ்காரனை அதே காட்பாடியில் முதல் வருஷப் பையன் ஒருவனுக்கு 3,000-க்குத் தள்ளிவிட்டேன். என் கணக்குப்படி அது அந்த ஊரில் ஹாஸ்டல் விட்டு ஹாஸ்டல் ஏறி வயிறு வளர்க்கிறது.

புதுசு வந்த சந்தோஷத்தில் வால்யூமைத் திருகியதும் 'ஊஊ' என்று ஒரு ஊளை. தெரு நாய் பதில் சொன்னது. அண்ணனுக்குப் போன் போட்டு ஊளையையே கேட்க விட்டேன். "பொட்டி முன்னாடி கிடார் வயித்தக் காட்டிக்கினு குந்தினு கீறியா? பொட்டி போடுற சத்தத்த அந்த ஓட்ட முழுங்கித் திரும்பக் கக்குது. தள்ளிக் குந்து, ஓட்டைய மூடு." ஓட்டையை மூட ரப்பர் மூடி கடையில் கிடைக்கிறது. எனக்குக் கையில் கிடைத்தது, விருந்தாளி கொண்டுவந்த ஆற்காடு மக்கன் பேடா டப்பாவின் மூடி. 10 சென்டிமீட்டர், அளவெடுத்த மாதிரி. நாலு பக்கமும் டேப் ஒட்டினேன், ஊளை நின்றது. கிடாரிலிருந்து இன்னும் லேசாக நெய் வாசனை வருகிறது.

அறுபதாம் கல்யாணம். மண்டபத்தில் அண்ணன்தான் சவுண்ட். என் ஆம்ப்பை ஒரு சேரில் வைத்து, அதன் முன்னால் ஒரு மைக்கை நிறுத்தினார். முதல் பாட்டு அருமையாகப் போனது. மச்சான்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவர் வீடியோ கூட எடுத்தார். இரண்டாவது பாட்டின் பல்லவியில் 'கர்ர்' என்றது. சரணத்தில் தொண்டை கட்டினவர் மாதிரி ஆனது. அப்புறம் ஒன்றுமே இல்லை. விரல் ஆடுகிறது, மண்டபம் அமைதி. பெரியப்பா மணவறையிலிருந்து எக்கிப் பார்க்கிறார்.

அண்ணன் வந்தார். ஆம்ப்பைத் தொடவே இல்லை. கிடாரின் விலாவில் இருந்த சின்னக் கதவைத் திறந்து, 9 வோல்ட் பேட்டரியை எடுத்து நாக்கு நுனியில் வைத்தார். "செத்துப் போச்சு. வூட்ல கேபிள சொருகியே வெச்சிருந்தியா?"

15 நாளாகச் சொருகித்தான் வைத்திருந்தேன். கேபிள் சொருகியிருந்தாலே, கிடாருக்குள் பிக்கப்பின் சத்தத்தைத் தூக்கிவிடும் ப்ரீஆம்ப் ஆன்தான், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் பேட்டரி கரையும் என்று அங்கே, மேடையில், 300 பேர் முன்னால் தெரிந்துகொண்டேன். "சும்மா சொருகி வெச்சா கரண்டு போவாதாடா" என்று அம்மா முதல் நாளே கேட்டதும், ஆம்ப் சுவிட்சை அணைத்துக் காட்டி நான் சிரித்ததும் ஞாபகம் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நேரத்தில் 9 வோல்ட் பேட்டரிக்கு எங்கே போவது? அண்ணன் தன் பையிலிருந்து மஞ்சள் மல்டிமீட்டரை எடுத்தார். திருப்பினார், ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினார், உள்ளே இருந்த 9 வோல்ட்டை எடுத்து என் கிடாரின் விலாவில் செருகினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சரணம் முடிந்தது. கைதட்டல் வந்தது, பாதி அவருக்கு.

பந்தியில் உட்கார்ந்தேன். பெரியப்பா வந்து, "இன்னிக்கு நல்லா கேட்டுச்சு மாப்ள, நடுவுல அந்த இடைவெளி விட்டீங்க பாருங்க, அது ரொம்ப நல்லாருந்துச்சு" என்றார். நான் மறுக்கவில்லை. இலையில் பாயசம் விழும்போது பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தொட்டது.

"சார், சாப்ட்டு முடிச்சதும் என் பேட்டரி."